பெரிய மாமா கணக்கில் இருந்த கல்யாணக் காசு

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இரண்டு வங்கி விளம்பரப் படங்களையும் பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் நானும் மெர்சியும் சேந்து ஒரு சேவிங்ஸ் கணக்கு தொறக்கப் போறோம், இதுல எது நல்ல வட்டி?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாய். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லும் பழக்கம் உன் அம்மாவுக்கு என்றைக்கு இருந்தது? பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் தட்டெழுதியவள் நான். அந்தப் போனின் சின்னக் கண்ணாடியில் தட்டினால் நான் ஒன்று அடிக்க அது ஒன்று எழுதுகிறது. அதனால் காகிதத்திலேயே எழுதிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இன்னும் நாற்காலி வாங்கவில்லை என்றாய், பரவாயில்லை, தரையில் உட்கார்ந்து படி. மெர்சிக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ இதைக் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி. சின்ன வயதில் உன்னை வங்கிக்குக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு வந்த அன்பளிப்பு உறைகளை எல்லாம் பிரித்து, கிள்ளானில் அந்தப் பழைய கிளைக்கு உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காசைக் கொடுத்தோம், புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நீ நகரவே இல்லை. "என் பத்து வெள்ளி எங்க? அதக் காட்டு, அப்பதான் வருவேன்" என்று கவுன்டர் முகப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. உன் நோட்டில் ஓரம் கிழிந்திருந்ததாம், அதே நோட்டுதான் வேண்டுமாம். வரிசையில் நின்ற சீனக் கிழவர் சிரித்து மாளவில்லை. அங்கிருந்த பெண்மணி பாவம், ஏதோ ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்துத் தூரத்தில் இருந்தே காட்டினார். நீ நம்பவில்லை. வீடு வரும்வரை முறைத்துக்கொண்டே வந்தாய். அப்போது உன்னைக் கேலி செய்தேன். போன மழைக்காலத்தில் எனக்கும் அதே அழுகை வந்தது. என் காசு எங்கே, அதைக் காட்டு என்று முகப்பைப் பிடித்துக்கொண்டு அழ எனக்குத்தான் வயது இல்லை.

இது உனக்குத் தெரியாத கதை. உன்னிடம் சொன்னால் கத்துவாய் என்று மறைத்தேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நீ கத்தினாலும் என் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வுபெற்றபோது வந்த காசை ஒரே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தேன் அல்லவா? பாதி உன் கல்யாணத்துக்கு, மீதி என் மூட்டுவலிக்கும் மூச்சு நிற்கும்வரை சோற்றுக்கும். அப்பா போன பிறகு எனக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான். அது முதிர்ந்த நாளில் வங்கிக்குப் போனேன். வாசலிலேயே பெரிய பதாகை, நல்ல வட்டி போட்டிருந்தது. நான் வாங்கிக்கொண்டிருந்ததைவிட அரை விழுக்காடு கூட. சந்தோஷமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் அங்கே இருந்தாள். நல்ல மரியாதையான பெண்.

"ஆன்டி, இந்த ரேட்டு ஃபிரெஷ் ஃபண்டுக்கு மட்டும்தான் ஆன்டி."

"அப்படின்னா?"

"வெளிய இருந்து வர்ற புதுக் காசு. ஆன்டி காசு ஏற்கெனவே எங்ககிட்டதானே இருக்கு. அது பழைய காசு, அதுக்கு சாதா ரேட்டுதான்."

"ஏன்மா, என் காசு ஊசிப் போச்சா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிஸ்டம் அப்படி ஆன்டி, நான் என்ன பண்றது?" என்றாள். எனக்கோ சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் இவர்களை நம்பிக் காசைப் போட்டவளுக்குக் குறைந்த வட்டி, நேற்று தெருவில் போனவனுக்குக் கூடுதல் வட்டி. வீட்டுக்கு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மிஸஸ் லிம்மிடம் புலம்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே, இது கூடத் தெரியாமல் எப்படி இத்தனை நாள் இருந்தாய் என்பது போல் இருந்தது. அவருக்கு நாலைந்து வங்கியில் கணக்கு. இங்கிருந்து எடுத்து அங்கே போடுவார், அங்கே முதிர்ந்ததும் திரும்ப இங்கே கொண்டுவருவார். போகும்போது பழைய காசு, வரும்போது புதுக் காசு. கிள்ளானில் பாதி ஆன்டிமார்கள் இதைத்தான் செய்கிறார்களாம். இரண்டு வாரம் காசை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கொண்டுவா, வங்கி அதை வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்கும் என்று அவர் சொல்லாத குறைதான்.

எனக்கு இருந்தது ஒரே வங்கி. இன்னொரு கணக்கைக் கைப்பேசியிலேயே பத்து நிமிஷத்தில் திறந்திருக்கலாமே என்று நீ இப்போது கத்துகிறாய், கேட்கிறது. திறந்திருக்கலாம்தான். ஆனால் நம் புத்தி அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு எதற்கு இன்னொரு கணக்கு, அண்ணன் இருக்கிறாரே என்றுதான் போகும். காஜாங்கில் இருக்கும் உன் பெரிய மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரு ரெண்டு வாரத்துக்கு காச உங்க கணக்குல போட்டு வைக்கவா?"

"போடுலா. இதுக்குப் போய்க் கேக்குற? நான் எங்க ஓடியா போயிடப் போறேன்?"

அவ்வளவுதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, உனக்கு ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் தூக்கி அவர் கணக்குக்கு அனுப்பினேன். அரை விழுக்காட்டுக்காக.

காசு திரும்பி வர வேண்டிய வாரத்தில் மாமாவுக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுப் படுத்திருக்கிறார் என்று ரீட்டா அத்தை சொன்னார். அதற்கப்புறம் டெங்கி என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, ரத்தக்கசிவு இருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒவ்வொரு போனிலும் ஒரு படி கீழே இறங்கியது. நான் தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, காஜாங் போனேன். நீ கூட ஒரு நாள் போனில் சொன்னாய், "அம்மா, உங்களுக்கு மாமா மேல இவ்ளோ பாசமா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்று. அந்தப் போனை வைத்துவிட்டு ரயில் என்றும் பாராமல் அழுதேன். பாசம் இல்லாமல் இல்லை. அப்பா போன பிறகு நம் வீட்டுக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் அந்த ரயிலில் என் கூட வந்தது பாசம் மட்டும் இல்லை.

மருத்துவமனை நடையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. ரீட்டா அண்ணி அங்கேயே உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு கறுப்புக் கைப்பை. மாமாவின் போன் அதற்குள் இருந்தது. அடிக்கடி உள்ளே இருந்து மணி அடிக்கும், அண்ணி எடுக்கமாட்டார். அந்தப் போன் இல்லாமல் அந்தக் கணக்கை யாரும் திறக்க முடியாது. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கணக்கு முடங்கும். பிறகு வழக்கறிஞர், நீதிமன்றம், அது என் காசு என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வி. அண்ணி என் தோளில் சாய்ந்து அழுவார். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். என் கண் அந்தப் பையில் இருக்கும். ஜெபமாலை சொல்லுவேன். பாதியில், நான் யாருக்காக ஜெபிக்கிறேன், அண்ணனுக்கா காசுக்கா என்று எனக்கே குழம்பிவிடும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பேன். வெட்கமாக இருந்தது மகனே. பிள்ளை குட்டி இல்லாத அந்த மனுஷிக்கு இருப்பது அந்த ஒரு ஆள். உள்ளே அந்த ஆள் கிடக்கிறார், வெளியே நான் அவர் போனைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் கல்யாண மண்டபக்காரர். "அக்கா, ரெண்டாவது பேமெண்ட் இன்னும் வரல. வேற பார்ட்டி கேக்குறாங்க, தேதிய விட்டுட்டா எனக்கு வேற தேதி இல்ல" என்றார். அடுத்த வாரம் பாஸ், அடுத்த வாரம் என்று இழுத்தேன். நீயும் கேட்டாய், கட்டியாச்சா என்று. கட்டிடலாம்டா, மண்டபம் எங்கேயும் ஓடிப் போகாது என்றேன். அண்ணனும் அதே வார்த்தையைத்தான் சொன்னார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. உன் கல்யாணத்தை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணியிடம் கேட்டுவிடலாம் என்று பல முறை வாய் வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் அது, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று வெளியே வந்தது. அவரும் பாவம், தினமும் எத்தனை தடவைதான் சாப்பிட்டேன் என்று சொல்லுவார்.

பிறகு பிளேட்லெட் ஏற ஆரம்பித்தது. மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்து வார்டுக்கு மாற்றலாம் என்று சொன்னபோது நான் உண்மையிலேயே அண்ணனை மட்டும்தான் நினைத்தேன். அதற்காகவே கர்த்தருக்குத் தனியாக நன்றி சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்தேன். மூங்கில் குச்சியாகக் கிடந்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா, ஓடிப் போகல" என்றார். சிரிக்கவும் அழவும் ஒன்றாக வந்தது. அண்ணி என்னைக் கீழே சிற்றுண்டிச்சாலைக்குக் கூட்டிப் போய் தே தாரேக் வாங்கிக் கொடுத்தார். உட்கார்ந்ததும் அந்தப் பையைத் திறந்து போனை எடுத்தார்.

"உன் கணக்கு நம்பரச் சொல்லு. போனத் தொறக்குற ரகசிய நம்பர இப்பதான் அவரு எங்கிட்ட சொன்னாரு. இப்பவே அனுப்பிடுறேன்."

நான் தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தேன்.

"நீ காசு போட்ட அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. 'இது நம்ம காசு இல்ல ரீட்டா, தங்கச்சி காசு, பையன் கல்யாணக் காசு. நமக்கு எதுனா ஒண்ணுன்னா மொத வேலையா இதக் குடுத்துடு'ன்னாரு. அவரு உள்ள கெடந்த நெலமையில நான் என்ன பண்ண முடியும், போனு தொறந்தாதானே? ஆனா நீ பெரிய ஆளுலா. இத்தன நாள் எம்பக்கத்துல உக்காந்திருந்த, ஒரு வார்த்த கேக்கல."

நான் தேநீரை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவர் அப்படிப் பெருமையாகச் சொன்னதை மறுக்கத் தைரியம் வரவில்லை. அடுத்த நிமிஷம் என் போன் ஒலித்தது, காசு வந்துவிட்டது. மண்டபத்துக்கு அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். மறுநாள் கிள்ளானில் வங்கிக்குப் போனேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து வருத்தத்தோடு, "ஆன்டி, புரமோஷன் போன வாரம்தான் முடிஞ்சிச்சு" என்றாள். "முடிஞ்சா முடியட்டும்மா!" என்று நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோயிருப்பாள். சாதா வட்டிக்கே போட்டுவிட்டு, வெளியே வந்து, எதிர்க் கடையில் ஒரு வடை வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியான வடையை நான் சாப்பிட்டதே இல்லை.

இனி உன் இரண்டு படங்கள். முதல் படத்தில் வட்டி பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எறும்பு மாதிரி உள்ள எழுத்தையும் படித்தாயா? சம்பளம் அங்கே வர வேண்டும், பில் எல்லாம் அதன் வழியாகக் கட்ட வேண்டும், கார்டில் மாதம் இவ்வளவு செலவு செய்ய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வட்டி இறங்கிவிடும். அதுவும் ஒரு வரம்பு வரைதான், அதற்கு மேல் போட்ட காசுக்குச் சொற்பம். மிஸஸ் லிம்மிடம் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கார்டில் செலவைக் காட்ட வேண்டுமே என்று வாங்கிய சலவைத்தூள் அவர் சமையலறையில் கூரை வரை நிற்கிறது, எனக்கும் இரண்டு பை கொடுத்தார். நீங்கள் எப்படியும் செய்கிற செலவுக்குள் அந்த நிபந்தனைகள் அடங்கினால் திற, வட்டியை விடுவானேன்? வட்டிக்காகச் செலவைத் தேடிப் போக வேண்டியிருந்தால் விட்டுவிடு. இரண்டாவது படத்தில் வட்டி கொஞ்சம் குறைவு, ஆனால் நிபந்தனை இல்லை, நினைத்த நாளில் எடுக்கலாம். உங்களிடம் இப்போது இருக்கும் தொகைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு இரண்டு பேர் ரொட்டி சானாய் சாப்பிடும் காசு வந்தால் பெரிது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஆனால் உரிமம் உள்ள வங்கியா, போட்ட காசுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதைப் பார்க்காமல் எந்த வட்டியையும் ஏறிட்டுப் பார்க்காதே.

அதைவிட முக்கியம், இரண்டு பேர் பெயரும் போடுங்கள். ஒருவர் கையெழுத்தே போதுமா, இருவரும் போட வேண்டுமா என்று கேள். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர் எடுக்க முடியுமா, கணக்கு முடங்குமா என்றும் கேள். கல்யாணத்துக்கு முன்னால் இதையெல்லாம் கேட்பது அபசகுனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. உன் மாமா என் காசு வந்த அன்றைக்கே தன் மனைவியிடம் சொல்லிவைத்தார். நான் சொந்தப் பிள்ளைக்குக் கூடச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரில் நீ மாமா மாதிரி இரு. உன் கணக்கு எதுவாக இருந்தாலும் அது இருப்பது மெர்சிக்குத் தெரிய வேண்டும், அவள் கணக்கு உனக்குத் தெரிய வேண்டும். வட்டி அதற்கப்புறம்.

போன சனிக்கிழமை உன் கல்யாணத் துணிமணி எடுக்க மாமாவும் அத்தையும் கிள்ளானுக்கு வந்தார்கள். மாமா நன்றாகத் தேறிவிட்டார். உனக்கு மோதிரம் போடப் போகிறவர் தான்தான் என்று கடைக்காரரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். லிட்டில் இந்தியாவில் அந்தப் பெரிய துணிக்கடையில் அவர் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் அண்ணியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதே கறுப்புப் பை அண்ணி மடியில். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அண்ணி, நான் கேக்காம இருந்தது நல்ல மனசால இல்ல. பயத்துல. உங்க பக்கத்துல உக்காந்துகிட்டு காச மட்டும்தான் நெனச்சிகிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலை அடுக்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும்லா. இந்தப் பையவே பாத்துகிட்டு இருந்தியே, எனக்குக் கண்ணு இல்லயா?"

"அப்புறம் ஏன் அண்ணி அன்னிக்கு என்னப் பெரிய ஆளுன்னீங்க?"

"பாக்காம யாரால இருக்க முடியும்? நானா இருந்தா மொத நாளே கேட்டிருப்பேன். நீ கேக்கல. எனக்கு அன்னிக்கு அது போதும்."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் மாமா கடை வாசலில் இருந்து கத்துகிறார், "தங்கச்சி! எதுத்தாப்புல பேங்க்ல புது புரமோஷன் போட்டிருக்கான்! ஃபிரெஷ் ஃபண்டாம்!" கடையே எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி நானும் அண்ணியும் சிரித்தோம். "என் காசு பழசாவே இருக்கட்டும் அண்ணே, நீங்க வந்து வேட்டியப் பாருங்க" என்றேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த மஞ்சச் சேலைய விரிச்சுப் பாத்துட்டு வரேன், இதக் கொஞ்சம் வச்சிக்க" என்று பையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போனார். பையின் வாய் திறந்தே கிடந்தது. மாமாவின் போன் மேலாகத் தெரிந்தது. அண்ணி திரும்பி வரும்வரை நான் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கணக்கைத் திறந்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.

அம்மா